வாவிக்கரையும் செயற்கைச் சிறுநீரகமும்

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்கும் அதற்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம் ஒன்று உண்டு. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்களின் வழியே வாவி கடலோடு கலக்கின்றது. கோடையில் அலைகள் கொணர்ந்து குவிக்கும் மணல் அவ்வாயில்களை அடைத்துவிடும். மாரி பிறந்து, படுவான்கரைக் குளங்களும் ஆறுகளும் தம் வெள்ளத்தை வாவியிற் சொரியும்போது நீர் உயர்ந்து வயலையும் குடிமனையையும் சூழும். அக்காலத்தில் முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்துவிடுவது அங்கு வழிவழி வந்த வழக்கம். வெட்டிய வாயினூடாக வெள்ளம் கடலிற் பாய்ந்தபின் ஊர் மூச்சுவிடும்.

மனித உடலிலும் இத்தகைய வாயில் உண்டு. அதுவே சிறுநீரகம். கைப்பிடி அளவான இவ்விரு உறுப்புகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்து, வேண்டியவற்றை மீண்டும் உடலுக்கு அளித்து, வேண்டாதவற்றை மட்டும் சிறுநீராகக் கழிக்கின்றன. நீரிழிவாலோ, உயர் குருதி அமுக்கத்தாலோ, வேறு காரணத்தாலோ இவை முற்றாகச் செயலிழந்தால், நீரும் உப்பும் யூரியாவும் பொற்றாசியமும் உள்ளே தேங்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தடுமாறும். அடைபட்ட வாயிலுக்கு ஈடாக மனிதன் வெட்டிய செயற்கை வாயிலே குருதிச் சுத்திகரிப்பு. கூழ்பிரிப்பு என்பது இதற்கு ஈழத்து விஞ்ஞான நூல்கள் வழங்கும் கலைச்சொல். இம்முறை இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்துள்ளது. ஆயினும் அவ்வுயிர்கள் ஆண்டுக்கணக்காக நீடித்தபோது, அதுவரை எவரும் கண்டிராத துன்பங்களும் உடன் தோன்றின. அத்துன்பங்களின் வரலாறே நீண்டகாலக் குருதிச் சுத்திகரிப்பின் வரலாறு எனலாம்.

இதன் தொடக்கம் மருத்துவமனையில் அன்று, இரசாயன ஆய்வுகூடத்தில். ஸ்கொத்லாந்தில் பிறந்த தோமஸ் கிரகாம் என்னும் அறிஞர், தாள்போன்ற மென்படலம் ஒன்றின் ஊடாக உப்பு, சர்க்கரை, யூரியா முதலிய சிறு துணிக்கைகள் எளிதில் கடந்துசெல்வதையும், பசைபோன்ற பெருந்துணிக்கைகள் கடவாது நிற்பதையும் ஆராய்ந்து 1861இல் வெளியிட்டார். இப்பிரிப்புக்கு ஆங்கிலப் பெயரிட்டவரும் அவரே. அரை நூற்றாண்டு கழித்து, 1913இல், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஜோன் ஏபெல் என்பாரும் அவர்தம் துணைவரும் விலங்குகளின் குருதியைக் குழாய்களினூடே செலுத்தி இவ்வாறு சுத்திகரித்துக் காட்டினர். வெளியே வந்த குருதி உறைந்துவிடாதிருக்க அவர்கள் பயன்படுத்திய மருந்து அட்டையின் உமிழ்நீரிலிருந்து எடுக்கப்பட்டது. அட்டைவிடும் மருத்துவத்தை அறிந்த தமிழருக்கு இது வியப்பளிக்காது. 1924இல் ஜேர்மனியின் கீசன் நகரில் கேயோர்க் ஹாஸ் என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இம்முறையைக் கையாண்டார். அது சில நிமிடங்களே நீடித்தது.

செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளியின் படுக்கையருகே நிலைநிறுத்தியவர் ஒல்லாந்தரான வில்லெம் கொல்ஃப். புளியந்தீவில் வாவியை நோக்கி நிற்கும் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர்கள் ஒல்லாந்தரே. அந்நாட்டின் பெயர் மட்டக்களப்பில் பீரங்கியோடும் கோட்டையோடும் இணைந்து வழங்குவது. அதே நாட்டில், போரின் கொடுமைக்குள்ளேயே, உயிர் காக்கும் இக்கருவியும் பிறந்தது. 1938இல் கிரோனிங்கன் மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த கொல்ஃப், குடியானவக் குடும்பத்தைச் சேர்ந்த 22 வயது இளைஞன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து மெல்ல மெல்ல மடிவதைக் கண்டார். நாள்தோறும் இருபது கிராம் யூரியாவை அகற்ற முடிந்தால் அவன் பிழைத்திருப்பான் என்பது அவருடைய கணக்கு. அக்கணக்கு அவரை விடவில்லை.

நாட்சிகள் ஒல்லாந்தைப் பிடித்திருந்த காலத்தில், கம்பென் என்னும் சிற்றூர் மருத்துவமனையில், மரச்சட்டத்தாலான உருளை ஒன்றில் ஏறத்தாழ இருபது மீற்றர் நீளமான செலோபேன் குழாயைச் சுற்றி, அதனை உப்புநீர்த் தொட்டியிற் சுழலவைத்தார் கொல்ஃப். அக்குழாய் இறைச்சிக் கடைகளில் பயன்படும் உறையே. 1943இல் தொடங்கிய சிகிச்சையில் முதல் நோயாளர் ஏறத்தாழ அனைவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். ஒருவர் பிழைத்தாரெனினும் அது கருவியால் நேர்ந்ததெனச் சொல்ல இயலவில்லை. 1945 செப்டெம்பரில், பதினேழாவதாக வந்த 67 வயது மூதாட்டி நினைவு மீண்டு எழுந்தார். அவர் பகைவருக்குத் துணைபோனவர் என்று ஊராரால் வெறுக்கப்பட்டுச் சிறையில் இருந்தவர். மருத்துவர் அதனை எண்ணவில்லை. யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்ற வினா பின்னர் இத்துறையில் பெரும் புயலாக எழுந்தபோது, இம்முதல் வெற்றியின் நினைவு பொருளுடையதாயிற்று.

எனினும் கொல்ஃபின் கருவி ஒரு குறையுடையது. ஒவ்வொரு முறையும் நாடியையும் நாளத்தையும் புதிதாக வெட்டித் திறக்கவேண்டும். சில முறைகளுள் வெட்டுவதற்குக் குழாய்கள் எஞ்சா. ஆகவே, சிறிது காலத்தில் தாமே தேறக்கூடிய சிறுநீரகங்களுக்கு மட்டுமே அது உதவிற்று. நிலையாகச் செயலிழந்தவருக்கு அது சில கிழமைகளை நீட்டித் தந்ததேயன்றி வாழ்வைத் தரவில்லை.

இத்தடையை உடைத்தது 1960ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிறிப்னர் என்ற மருத்துவர், நாடியிலும் நாளத்திலும் இரு மென்குழாய்களை நிலையாகப் பொருத்தி, சிகிச்சை இல்லாத வேளையில் அவ்விரண்டையும் வளைந்த சிறு குழாயால் இணைத்துவைக்கும் வழியைக் கண்டார். குருதி ஒட்டாத தெஃப்லோன் என்னும் பொருளால் அவை ஆக்கப்பட்டன. 1960 மார்ச் 9ஆம் நாள் 39 வயதான கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளரின் கையில் அது பொருத்தப்பட்டது. இறக்கும் தறுவாயில் இருந்த அவர் எழுந்தார், நடந்தார், தொழிலுக்கும் மீண்டார். பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். நிலையான சிறுநீரகச் செயலிழப்பு உறுதியான சாவு என்பது அன்றோடு பொய்யாயிற்று.

ஷீல்ட்ஸின் உடலே நீண்டகாலச் சிக்கல்களின் முதற் பாடநூலும் ஆயிற்று. சில மாதங்களில் அவருக்குக் குருதி அமுக்கம் கட்டுக்கடங்காது உயர்ந்தது. உப்பையும் மிகைநீரையும் இறுகக் கட்டுப்படுத்தியே அதனை அடக்க முடிந்தது. பின்னர் பாதங்கள் மரத்து நரம்புகள் தளர்ந்தன. சுத்திகரிப்பின் நேரத்தைக் கூட்டியதும் அது நின்றது. மூட்டுகளில் வாதம் வந்தது. கல்சியமும் பொசுபரசும் கூடி உப்பாகப் படிந்தன. இறுதியில், 1971இல், அவரைக் கொண்டுசென்றது சிறுநீரகம் அன்று, மாரடைப்பு. ஒரு மனிதரின் பதினொரு ஆண்டுகளில் மருத்துவம் கண்ட இவை யாவும், அவருக்குப் பின் உலகெங்கும் பல்லாயிரவர் உடலில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன.

இதற்குக் காரணம் எளிய கணக்கே. ஒரு கிழமைக்கு 168 மணி நேரம். இயற்கைச் சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் ஓயாது உழைக்கின்றது. கருவியோ, முறைக்கு நான்கு மணி நேரம், கிழமைக்கு மூன்று முறை என்றால், பன்னிரண்டு மணி நேரமே உழைக்கும். இரண்டு முறையே கிடைப்பவருக்கு அது எட்டு மணி நேரமாகக் குறையும். எஞ்சிய நேரமெல்லாம் வாயில் அடைபட்டே கிடக்கின்றது. அன்றியும், சிறுநீரகம் வடிகட்டி மட்டும் அன்று. செங்குருதிக் கலங்கள் தோன்றத் தூண்டும் சுரப்பைத் தருவதும், வைற்றமின் டீயைச் செயலுள்ளதாக மாற்றி எலும்பைக் காப்பதும் அதன் பணிகளே. இவற்றை எந்தக் கருவியும் செய்வதில்லை.

1962இல் சியாற்றிலில் செயற்கைச் சிறுநீரக நிலையம் திறக்கப்பட்டபோது இடங்கள் சிலவே, வேண்டியோர் பலர். சட்டவறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் முதலியோர் அடங்கிய குழுவொன்று, யாருக்குக் கருவி, யாருக்குச் சாவு என்று தீர்மானித்தது. பிள்ளைகள் எத்தனை, தொழில் யாது, ஊருக்குப் பயனுடையவரா என்றெல்லாம் கேட்கப்பட்டது. அவ்வாண்டு நவெம்பரில் ‘லைஃப்’ இதழ் இதனை வெளியிட்டதும் நாடே அதிர்ந்தது. பத்து ஆண்டுகள் வாதிட்டபின், 1972இல் அமெரிக்கச் சட்டமன்றம் இச்சிகிச்சையின் செலவை அரசே ஏற்கச் சட்டமியற்றியது. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் கருவிகளின் தொகையும், வைத்தியசாலைக்கும் வீட்டிற்கும் இடையேயுள்ள தூரமும், பேசாத தீர்ப்பாளர்களாக இருந்தே வருகின்றன.

சிக்கல்களுள் முதலாவது, குருதிக்கு வாயில் அமைப்பதிலேயே எழுந்தது. ஸ்கிறிப்னரின் வெளிக்குழாய் உயிர் தந்தது. ஆயின் அது அடிக்கடி அடைபட்டது. கிருமி புகும் வழியாகவும் ஆயிற்று. 1966இல் நியூயோர்க் நகரின் பிரெஸ்சியா, சிமினோ, அப்பெல் என்னும் மூவர், மணிக்கட்டருகே நாடியை நாளத்தோடு தோலின் கீழேயே இணைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டனர். சில கிழமைகளில் நாளம் தடித்து வலுப்பெறும். ஊசியை அதில் ஏற்றலாம். கையை வைத்துப் பார்த்தால் நீரோட்டம்போல் அதிர்வு தெரியும். அவ்வதிர்வு நின்றுவிட்டால் அது ஆபத்தின் அறிகுறி. இன்றும் இதற்கு மேலானது இல்லை. ஆனால் இணைப்பு குறுகலாம், வீங்கலாம், விரல்களுக்குக் குருதி குறைந்து குளிரலாம். வலை வீசும் கையும் மண்வெட்டி பிடிக்கும் கையும் அவ்விணைப்பைத் தாங்கும்போது, பாரம் சுமத்தலும் இறுகக் கட்டுதலும் விலக்கப்பட வேண்டியவை. அக்கையில் ஊசி குத்தவோ குருதி அமுக்கம் அளக்கவோ இடங்கொடுத்தலும் ஆகாது. நோய் முற்றியபின் அவசரமாக வருவோருக்குக் கழுத்து நாளத்தில் குழாய் இடவேண்டியிருக்கிறது. கிருமித்தொற்று மிகுதியாக நேர்வது அவ்வழியாகவே.

இரண்டாவது சிக்கல் நீர். ஒரு மனிதர் கிழமை முழுவதும் குடிக்கும் நீர் பதினைந்து லீற்றர் அளவினதே. சுத்திகரிப்பின்போதோ ஒரே அமர்வில் ஏறத்தாழ 120 லீற்றர் நீர், மெல்லிய படலம் ஒன்றுக்கு அப்பால், அவரது குருதியைத் தொட்டுச் செல்கின்றது. குடலும் சிறுநீரகமும் தடுத்து நிறுத்தும் மாசுகள் யாவும் அங்கே தடையின்றி உட்புகும். இவ்வுண்மையை உலகம் மிகுந்த விலை கொடுத்தே கற்றது. 1972இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் அல்ஃப்ரே என்ற மருத்துவரும் உடனுழைத்தோரும், நெடுநாள் சிகிச்சை பெற்ற சிலர் பேச்சுக் குழறி, அறிவு மயங்கி, வலிப்புற்று இறப்பதை விவரித்தனர். 1976இல் அத்தகையோரின் மூளையில் அலுமினியம் மிகுந்திருப்பதை அவர்கள் காட்டினர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நோயாளரின் எலும்புகள் மென்மையாகி முறிந்தன. அதற்கும் நீரிலிருந்த அலுமினியமே காரணமெனத் தெளிவாயிற்று. நகரங்களின் குடிநீரைத் தெளிவிக்க இடும் படிகாரத்தில் அலுமினியம் உண்டு. பொசுபரசைக் கட்டுப்படுத்த நோயாளருக்குக் கொடுத்த மருந்திலும் அது இருந்தது. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல்நீரைத் தெளியவைத்த தமிழர் அறிந்ததுபோல, கண்ணுக்குத் தெளிந்த நீர் குடிக்க உதவும். ஆனால் குருதிக்கு அருகே செல்லும் நீருக்குக் கண்ணின் சான்று போதாது.

இதனினும் கொடியது 1996இல் பிறேசில் நாட்டின் கறுவாறு நகரில் நிகழ்ந்தது. வரட்சிக் காலத்தில் நீர்த்தேக்கம் ஒன்றிலிருந்து கொணர்ந்த, முறையாகச் சுத்திகரிக்கப்படாத நீரில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்திருந்தது. அங்கே குருதிச் சுத்திகரிப்புப் பெற்றோரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தனர். குளத்துநீரை நம்பி வாழும் நாடுகள் யாவும் மறவாதிருக்க வேண்டிய செய்தி இது. மட்டக்களப்பு நகருக்குக் குழாய்வழி வரும் குடிநீரின் மூலமும் உன்னிச்சைக் குளமே. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்நிலத்துக் கிணறுகளிலோ, உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே ஊறுகின்றது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியபோது, அந்நன்னீர் எவ்வளவு மெல்லிய கொடை என்பது அனைவருக்கும் விளங்கிற்று. எனவேதான் சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொன்றிலும், நோயாளர் காணாத பின்னறையில், நீரை மென்படலங்களினூடாக அழுத்தி வடிக்கும் பொறி ஒன்று இயங்குகின்றது. அதன் படலம் காலத்தில் மாற்றப்படுவதும் நீர் தவறாது சோதிக்கப்படுவதும், மருத்துவரின் திறமைக்குச் சற்றும் குறையாத காவல் ஆகும்.

மூன்றாவது, தொற்று. ஒருவரின் குருதி வெளியே வந்து மீளும் இடத்தில் மற்றொருவரின் நோய் புகுதல் எளிது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரின் சுத்திகரிப்புப் பிரிவில் ஈரல் அழற்சி பரவி, நோயாளரோடு அவரைப் பேணிய பணியாளரும் உயிர்நீத்தனர். அதன்பின் கையுறை, தனிக்கருவி, குருதிச் சோதனை ஆகியன விதிகளாயின. ஈரல் அழற்சி பீ நோய்க்கான தடுப்பூசி 1981இல் வழக்கிற்கு வந்தது. 1989இல் அடையாளங் காணப்பட்ட ஈரல் அழற்சி சீ வைரசுக்கோ இன்றும் தடுப்பூசி இல்லை. தூய்மையே அதற்கு அரண்.

குருதிச்சோகை நெடுங்காலம் இந்நோயாளரின் உடன்பிறந்த துன்பமாக இருந்தது. பிறர் குருதியை ஏற்றினால் சில நாள் தெம்பு வரும், அதனுடன் இரும்பு மிகுந்து ஈரலிற் படியும், நோய்கள் புகும், பிற்காலத்தில் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்காது தள்ளும் இயல்பும் வளரும். குருதிக் கலங்களைத் தூண்டும் எரித்திரோபொயெற்றின் என்னும் சுரப்பைச் செயற்கையாக ஆக்கி நோயாளருக்கு அளித்த முயற்சியின் வெற்றியை 1987இல் ஸ்கிறிப்னரின் நகரைச் சேர்ந்த எஷ்பாக் முதலியோர் வெளியிட்டனர். 1989இல் அம்மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. படியேற முடியாதிருந்தோர் மீண்டும் தொழில் செய்தனர்.

எலும்பின் கதையும் இத்தகையதே. வைற்றமின் டீயை இறுதிச் செயல்வடிவமாக ஆக்குவது சிறுநீரகமே என்பது 1970இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளரால் நிறுவப்பட்டது. அது குறையும்போது கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் மிகையாகத் தூண்டப்பட்டு எலும்பின் கல்சியத்தை உருக்கியெடுக்கின்றன. உணவில் வந்த பொசுபரசோ வெளியேற வழியின்றிக் குருதிக்குழாய்ச் சுவர்களில் சுண்ணமாய்ப் படிகின்றது. பத்து ஆண்டு கடந்தோருக்கு இன்னொரு துன்பமும் வந்தது. விரல்கள் மரத்தன, தோள்மூட்டு இரவில் நொந்தது. 1985இல் யப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த கெஜ்யோவும் துணைவரும், கருவியின் படலத்தைக் கடக்கவியலாத ஒருவகைப் புரதம் மூட்டுகளில் தேங்குவதே இதற்குக் காரணமெனக் கண்டனர். அதன் பயனாகப் பெரிய துளைகளையுடைய படலங்கள் பெருவழக்காயின. எவரும் பத்து ஆண்டு வாழாத காலத்தில் எவரும் அறிந்திராத நோய் அது. நீண்ட வாழ்வே அதனை வெளிக்காட்டியது.

எல்லாவற்றிலும் பெரியது இதயத்தின் துன்பம். நெடுநாள் சிகிச்சை பெறுவோரின் நாடிகள் விரைந்து தடிக்கின்றன என்று 1974இல் சியாற்றில் மருத்துவர் எச்சரித்தனர். இன்றும் இந்நோயாளரைக் கொள்ளும் காரணங்களுள் இதய நோயே முதன்மையானது. இரு அமர்வுகளுக்கு இடையே பருகிய நீரும் உண்ட உப்பும் உள்ளே சேர்ந்து இதயத்தை விரிக்கும்; பின் அந்நீரை நான்கு மணி நேரத்தில் இறைத்தெடுக்கும்போது குருதி அமுக்கம் வீழ்ந்து தலை சுற்றும்; கெண்டைக்கால் இழுக்கும். மாதக்கணக்கில் இவ்வாறு வீங்கியும் வற்றியும் வரும் இதயம் ஒருநாள் களைத்துவிடுகின்றது.

இங்கேதான் மருத்துவம் சமையலறைக்குள் வருகின்றது. வாவிக்கரை மக்களின் உணவு நெற்சோறும் மீனும் கருவாடும் எருமைத்தயிருமாகும். கருவாட்டின் உப்பு தாகத்தைத் தூண்டும். தாகம் நீரைக் கேட்கும். வெயில் கொளுத்தும் பகலில் வயலிலிருந்து வந்தவருக்கு ஒரு செம்பு நீரை மறுப்பது எளிதன்று. தயிரில் பொசுபரசு உண்டு. விருந்தினருக்கு அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீரில் பொற்றாசியம் மிகுதி; சுகதேகிக்கு அது அமுதம், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இதயத்தை நிறுத்தவல்லது. வீட்டு முற்றங்களில் காய்க்கும் தமரத்தங்காய் இன்னும் கொடியது. அதனை உண்ட சிறுநீரக நோயாளர் ஓயாத விக்கலும் அறிவு மயக்கமும் வலிப்பும் உற்று இறந்ததை 1990களில் பிறேசில் மருத்துவர் எழுதினர். 2013இல் அக்காயின் நச்சுப்பொருள் பிரித்தறியப்பட்டது. அன்பின் அடையாளமாக வரும் உணவை மறுக்க நோயாளர் ஒருவர் கற்கவேண்டியிருப்பது, எந்த மருத்துவ அட்டவணையிலும் எழுதப்படாத சிக்கல்.

கருவியின்றி, வயிற்றின் உட்படலத்தையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறையும் உண்டு. 1923இல் ஜேர்மனியில் கான்ரர் என்பவர் முயன்ற இம்முறை, 1968இல் தெங்கோஃப் அமைத்த நிலையான குழாயாலும், 1976இல் பொப்போவிச், மொங்கிறீஃப் இருவர் வகுத்த ஒழுங்காலும் வீட்டிலேயே செய்யத் தக்கதாயிற்று. தூரத்து ஊரவருக்கு இது பெருவரம். ஆயின் கை கழுவாத ஒரு கணத்தில் வயிற்றினுள் கிருமி புகலாம். பல ஆண்டுகளின்பின் அப்படலம் தடித்துக் குடலையே இறுக்கும் நோயும் சிலருக்கு வருவதுண்டு. எந்த வாயிலும் விலையின்றித் திறப்பதில்லை.

ஆதலால் மாற்றுச் சிறுநீரகமே மேலான வழியென உலகம் ஒப்பியது. தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இச்சத்திரசிகிச்சை வெற்றியுடன் நடந்தது. இலங்கையில் 1985இல் கொழும்பில் அது தொடங்கியது. 1987இல் உடலிழையங்களை மாற்றிப் பொருத்துவதற்கான சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் கொடுப்பவர் சிலர், காத்திருப்பவர் பலர். இதற்கிடையே, 1990களிலிருந்து வடமத்திய மாகாண உழவரிடையே, நீரிழிவோ உயர் அமுக்கமோ இன்றிச் சிறுநீரகம் பழுதாகும் நோயொன்று பெருகிற்று. அதன் காரணம் இன்னும் முற்றாகத் துணியப்படவில்லை. மட்டக்களப்புக்குச் செல்லும் புகையிரதப் பாதையிலேயே உள்ள பொலன்னறுவையில், சீன நாட்டின் உதவியுடன் அமைந்த தேசிய சிறுநீரக வைத்தியசாலை 2021 ஜூனில் திறக்கப்பட்டது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் குருதிச் சுத்திகரிப்பு நடைபெறுகின்றது.

வாவி இருகரைகளையும் பிரிப்பது. எழுவான்கரையில் நகரும் வைத்தியசாலையும். படுவான்கரையில் வயலும் குளமும். 1924இல் கல்லடிப் பாலமும், 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டதால் கடப்பது எளிதாயிற்று. அதற்குமுன் மண்முனையில் மக்கள் நெடுங்காலம் ‘பாதை’ என்னும் மிதவையையே நம்பியிருந்தனர். கிழமைக்கு இருமுறை மும்முறை செல்லவேண்டியவருக்கு ஒரு பாலம் மருந்துக்குச் சமம். 1978 நவெம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியிலும் 2011 ஜனவரி வெள்ளத்திலும் வீதிகள் துண்டிக்கப்பட்டன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் அரிதாயின. பிறருக்கு இவை இடர்கள். சுத்திகரிப்பை எதிர்நோக்கியிருப்பவருக்கோ, தவறிய ஓர் அமர்வே இடர். பொற்றாசியம் வெள்ளம் வடியும்வரை காத்திராது. ஆகவே மாரி தொடங்குமுன்னரே இந்நோயாளரின் பெயரும் ஊரும் வழியும் குறிக்கப்பட்டு, வீதி அறுபடுமுன் அவரை அக்கரை சேர்க்கும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். அது மருத்துவரால் மட்டும் ஆவதன்று. கிராம அலுவலரும் படகோட்டியும் அயலாரும் கைகொடுக்க வேண்டியது.

கொல்ஃபின் மரவுருளையிலிருந்து இன்றைய கருவி வரை நோக்கின், ஒன்று தெளிவாகும். ஒவ்வொரு சிக்கலும் முதலில் ஒரு நோயாளரின் உடலில் துன்பமாக வந்தது. பின்னரே அது அறிவாயிற்று. ஷீல்ட்ஸின் மரத்த பாதமும், டென்வரில் குழறிய நாவும், கறுவாறுவில் மாண்டோரின் ஈரலும் இன்றைய விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்விதிகளைக் கடைப்பிடித்தால் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்வதும் இயலும். அவ்வாறு வாழ்ந்தோர் உளர். அவற்றைக் கைவிட்டால், முன்னையோர் பட்ட துன்பமே மீண்டும் படவேண்டிவரும்.

முகத்துவாரத்தை ஒருமுறை வெட்டினால் என்றும் திறந்திருக்கும் என்று மட்டக்களப்பார் எவரும் எண்ணுவதில்லை. மணல் மீண்டும் சேரும், மீண்டும் வெட்டவேண்டும். சிறுநீரகம் இழந்தவரின் வாழ்வும் அவ்வாறே காக்கப்படுவது. நீரிழிவையும் குருதி அமுக்கத்தையும் காலத்தில் கண்டு அடக்கி, வாயில் அடைபடாது காத்தல் அதனினும் நன்று.